எல்டன் ரிங்: முட்டி நின்றால் வேறு பக்கம் போகலாம்

கோபியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணா, எல்டன் ரிங் வாங்கலாமுங்களா? கேட்டவங்க எல்லாரும் கஷ்டம் கஷ்டம்னே சொல்றாங்க. காலேஜ் முடிஞ்சு வந்தா ராத்திரி ரெண்டு மணி நேரந்தான் கிடைக்கும். லேப்டாப்ல ஜிடிஎக்ஸ் 1650, 8 ஜிபி ரேம். இந்த மாதிரி கேம் இதுவரைக்கும் ஆடினதில்ல. நல்லது கெட்டது ரெண்டையும் சொல்லுங்கண்ணா."

வாங்கலாம் தம்பி. ஆனால் இரண்டு வரியில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது, ஏனென்றால் இந்த விளையாட்டில் எது பெரிய நல்லதோ அதன் அடியிலிருந்தேதான் பாதிக் குறைகளும் முளைத்து வருகின்றன. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், நேரம் இருக்கும்போது படியுங்கள். நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை செய்கிறேன், ஷிப்மென்ட் இல்லாத ராத்திரிகளில்தான் ஆடுவேன். இதுவரை மூன்று முறை முழுதாக முடித்திருக்கிறேன், முதல் முறை மட்டும் 140 மணி நேரம் பிடித்தது. உங்களைப் போலவே ராத்திரி இரண்டு மணி நேரக் கணக்குதான், அதனால் அந்த 140 மணி நேரம் எனக்கு நாலு மாதத்துக்கு மேல் ஓடியது.

விவரம் முதலில். ஜப்பானிலுள்ள ஃப்ரம்சாஃப்ட்வேர் செய்த ஆக்‌ஷன் ஆர்பிஜி (சண்டை போட்டு நம் ஆளை வளர்த்துக்கொண்டே போகும் வகை) இது, வந்தது 2022 பிப்ரவரி 25. இயக்கியவர் ஹிடேடாகா மியாசாகி. உலகத்தின் பழைய வரலாற்றை, அதாவது நாம் போய்ச் சேருவதற்கு முன்னால் அங்கே நடந்து முடிந்த கதையை, அமெரிக்க எழுத்தாளர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் எழுதிக் கொடுத்தார். அந்த வருஷத்தின் சிறந்த விளையாட்டு என்று கேம் அவார்ட்ஸில் பரிசு வாங்கியது. இதே நிறுவனத்தின் டார்க் சோல்ஸ் வரிசையிலிருந்து வளர்ந்து வந்தது, ஆனால் அவற்றில் பெரும்பாலும் கோட்டை, சுரங்கம், குறுகிய பாதை என்று போகும். இதில் பெரிய திறந்த நிலம், ஏறிப் போக ஒரு குதிரை.

இப்போது "கஷ்டம்" என்கிற விஷயத்துக்கு வருகிறேன், உங்கள் முதல் பயம் அதுதானே. விளையாட்டு தொடங்கி வெளியே கதவைத் திறந்து வந்ததும், கண்ணெதிரே தங்கக் கவசம் போட்ட ஒரு குதிரை வீரன் சுற்றிக்கொண்டிருப்பான், ட்ரீ சென்டினல் என்று பேர். முதல் நாள் நான் அவனிடம் போய் மோதி, செத்து, மறுபடி மோதி, ஒன்றரை மணி நேரத்தை அப்படியே கழித்தேன். அவனை அங்கே நிறுத்தி வைத்திருப்பதே ஒரு பாடம் சொல்லத்தான் என்று அப்போது புரியவில்லை: இவனை இப்போது விட்டுவிடு, சுற்றிக்கொண்டு போ, பிறகு வா. அவனைத் தாண்டி எல்லே தேவாலயம், அங்கிருந்து வடக்கே போனால் ஸ்டார்ம்வெயில் கோட்டை, கோட்டை வாசலில் மார்கிட் என்று ஒருவன். மார்கிட்டிடம் தோற்றுத்தான் பலபேர் இந்த விளையாட்டை மூடி வைக்கிறார்கள். அவர்கள் எல்லோரிடமும் நான் கேட்பது ஒன்றுதான்: தெற்கே போனீர்களா? தெற்கில் வீப்பிங் பெனின்சுலா என்று ஒரு தீபகற்பம் முழுசாக இருக்கிறது. அங்கே போய் நாலு நாள் சுற்றினால் பத்து லெவல் ஏறும், உயிரேற்றும் குடுவைக்கு ஓரிரண்டு தங்க விதைகளும் கண்ணீர்த் துளிகளும் கிடைக்கும், கையிலிருக்கும் ஆயுதத்தை இரண்டு மூன்று படி தீட்டிக்கொள்ளலாம். திரும்பி வந்து மார்கிட் முன்னால் நின்றால் அதே ஆள், அதே அடி, ஆனால் அந்த அடியை இப்போது தாங்க முடிகிறது. நான் அப்படித்தான், போய்விட்டு வந்த மூன்றாவது முறையில் ஜெயித்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது, இது எனக்கு இரண்டாவது ஆட்டத்தில்தான் தெரிந்தது. மார்கிட்டையும் அடிக்க வேண்டாம், அந்தக் கோட்டைக்குள்ளேயே நுழைய வேண்டாம், கோட்டையின் பக்கவாட்டில் மலையோரமாக ஒரு பாதை ஒட்டிப் போகிறது, அதில் போனால் நேராக லியூர்னியா ஏரிப் பிரதேசத்தில் இறங்கிவிடலாம். தலைநகரம் லெய்ண்டெல்லுக்குள் போக இரண்டு மகா ரூன்கள் கையில் இருந்தால் போதும், எந்தப் பெரிய பாஸை, அதாவது ஓர் இடத்தைக் காத்து நிற்கும் பெரிய எதிரியை, அடித்து அந்த இரண்டைச் சேர்க்கிறீர்கள் என்பது உங்கள் இஷ்டம். ஆக, கஷ்டம் உண்மைதான். ஆனால் ஈஸி, நார்மல், ஹார்ட் என்று மெனுவில் இல்லையே தவிர, அந்தத் தேர்வை நிலத்திலேயே பரப்பி வைத்திருக்கிறார்கள். இங்கே முட்டுகிறதா, அந்தப் பக்கம் போ. எல்டன் ரிங்கின் முதல் பலம் எது என்றால் நான் இதைத்தான் சொல்வேன், இதற்கு அப்புறம்தான் மற்றதெல்லாம்.

அந்த நிலத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. லிம்கிரேவ் காட்டுக்குள் ஒரு பாழடைந்த கட்டடம், உள்ளே ஒரு லிஃப்ட். ஏறி நின்றால் இறங்குகிறது, இறங்குகிறது, இன்னும் இறங்குகிறது. நம் பக்கத்து இறவைக் கிணறுகளில் ராத்திரி எட்டிப் பார்த்திருக்கிறீர்களா? அடியில் கிடக்கும் தண்ணீரில் நட்சத்திரம் தெரியும், பூமிக்குள்ளே இன்னொரு வானம் இருப்பது போல. சின்ன வயதில் தோட்டத்துக் கிணற்றுமேட்டில் படுத்து அதைப் பார்த்தவன் நான். சியோஃப்ரா நதியில் அந்த லிஃப்ட் போய் நின்றபோது தலைக்கு மேலே, பூமிக்கு அடியில், வானம் பூராவும் நட்சத்திரம். கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே அப்படி ஒன்று இருக்கிறது என்று யாருமே சொல்லவில்லை, மேப்பில் ஒரு புள்ளிகூட இல்லை.

ஆல்டஸ் பீடபூமிக்கு ஏறுவதும் அப்படித்தான். இரண்டு பாதித் தாயத்தைத் தேடி எடுத்துப் பெரிய லிஃப்டில் ஏறலாம், இல்லையென்றால் ஒரு பள்ளத்தாக்கு வழியாக ஏணியும் சுரங்கமுமாக ஏறி மேலே வரலாம். பண்ணாரியிலிருந்து திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவு ஏறி ஆசனூர்ப் பக்கம் போனவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, கீழே இருந்த வெக்கையும் புழுக்கமும் போய் மேலே காற்றே வேறாக இருக்கும். இங்கேயும் மேலே வந்ததும் புல், மரம், வெளிச்சம் எல்லாம் மஞ்சளாக மாறிவிடும். நடந்து ஏறியவனுக்கு அந்த மஞ்சள் ஒருபடி கூடவே பிடிக்கும், அதனால் முதல் முறை லிஃப்ட் வேண்டாம், பள்ளத்தாக்கு வழியாகப் போங்கள். அப்புறம் லிம்கிரேவில் ஏரியோரமாக ஒரு இடிந்த ஊர், அதன் நிலவறையில் ஒரு பெட்டி. திறந்தால் புகை கிளம்பி உங்களைத் தூக்கிக்கொண்டுபோய்க் கேலிட் என்கிற சிவந்து அழுகிய நிலத்தில் ஒரு சுரங்கத்துக்குள் போட்டுவிடும். பயப்படாமல் வெளியே ஓடுங்கள், ஒரு கிரேஸ் விளக்கை (ஆட்டத்தில் ஓய்வெடுக்கும் இடம்) தொட்டுவிட்டால் மேப் வழியாகத் திரும்பி வந்துவிடலாம்.

கதையைப் பற்றி. கதை புரியவில்லை என்று நிறையப் பேர் சொல்வார்கள், அதை ஒத்துக்கொள்கிறேன், நேராக உட்கார வைத்துச் சொல்லமாட்டார்கள். ஆயுதம், கவசம், மந்திரம் என்று கிடைக்கிற ஒவ்வொன்றின் கீழேயும் நாலு வரி எழுதியிருக்கும், அதைக் கோத்துக்கொள்வது நம் வேலை. ஆனால் அப்படிக் கோத்தபோது கிடைத்த ஒரு விஷயம் என்னை விட்டுப் போகவே இல்லை. கேலிட்டில் ராடான் என்று ஒரு மாவீரன், அழுகல் நோய் மூளைக்கு ஏறி, தன் படை ஆட்களையே தின்றுகொண்டு மணல்வெளியில் திரிகிறான். மலை மாதிரி உடம்பு. அவன் ஏறியிருப்பதோ எலும்பும் தோலுமான ஒரு சின்னக் குதிரை. பார்த்ததும் விசித்திரமாக இருக்கும், இவ்வளவு பெரிய ஆள் அந்தக் குதிரைமேல் எப்படி என்று. பிறகு அவன் நினைவுப் பொருளின் குறிப்பைப் படித்தால் தெரியும்: அவன் ஈர்ப்பு வித்தை கற்றதே அந்தக் குதிரையைக் கைவிடாமல் இருக்கத்தான். தன் உடம்பு வளர வளர அது தாங்காது என்று, தன் கனத்தையே வித்தையால் குறைத்துக்கொண்டிருக்கிறான். எங்கள் அப்பாரு கடைசிவரை ஒரு கிழட்டு மயிலைக் காளையைச் சந்தைக்கு அனுப்ப மாட்டேன் என்று கட்டுத்தரையிலேயே வைத்துத் தீனி போட்டார், ஏர் போய் டிராக்டர் வந்து பத்து வருஷம் கழித்தும்கூட. அந்த நாலு வரியைப் படித்தபோது எனக்கு அப்பாரு ஞாபகம்தான் வந்தது, அதற்கப்புறம் ராடானை வெறும் பாஸாகப் பார்க்க முடியவில்லை.

அந்தச் சண்டை நடக்கும் விதமும் அருமை. அவனுக்குக் கௌரவமாக ஒரு சாவு கொடுக்க ஒரு திருவிழாவே கூட்டுகிறார்கள், பல ஊர் வீரர்கள் வந்து சேருகிறார்கள், தரையில் கிடக்கும் குறிகளைத் தொட்டுத் தொட்டு அவர்களைத் துணைக்கு அழைத்துக்கொண்டு குதிரையில் மணல்மேல் பாய வேண்டும். ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தையின் புழுதியை நினைத்துக்கொள்ளுங்கள், அந்தப் புழுதி நடுவில் யுத்தம். அவன் விழுந்ததும் வானத்தில் நின்று போயிருந்த நட்சத்திரங்கள் நகரத் தொடங்கும், ஏனென்றால் இத்தனை நாள் அவற்றைப் பிடித்து நிறுத்தியிருந்தவனே அவன்தான். அவற்றில் ஒன்று லிம்கிரேவ் காட்டில் விழுந்து நிலம் பிளந்து ஒரு பெரும்பள்ளம் உண்டாகும், அதன் வழியாகத்தான் நோக்ரான் என்ற பாதாள நகரத்துக்கு வழி. கதையில் நடந்தது மேப்பில் நடக்கிறது, மேப்பில் நடந்தது அடுத்த கதையைத் திறக்கிறது. பத்துப் பதினைந்து வருஷமாக ஆர்பிஜி ஆடுகிறேன், இவ்வளவு சுத்தமாக இது சேர்ந்து நான் பார்த்ததில்லை.

சண்டையின் நுணுக்கம் சுருக்கமாக. உருண்டு தப்பலாம், கேடயத்தில் வாங்கி உடனே பலமாகத் திருப்பி அடிக்கலாம், குதித்து அடிக்கலாம், எதிரியின் நிலை குலையும்வரை அடித்து ஒரு பெரிய குத்து குத்தலாம். ஆயுதத்தில் 'ஆஷ் ஆஃப் வார்' என்று ஒரு வித்தையை மாற்றி மாற்றிப் பூட்டிக்கொள்ளலாம், அதனால் ஒரே வாள் இரண்டு பேர் கையில் இரண்டு விதமாக வேலை செய்யும். ஆவிகளைத் துணைக்கு அழைக்கலாம், தொடக்கத்திலேயே மூன்று ஓநாய்கள் கிடைக்கும். ஆவியை அழைப்பது ஏமாற்று என்று சிலர் சொல்வார்கள், அதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள், செய்தவர்களே அதை உள்ளே வைத்திருக்கிறார்கள். ரோல் சரியாக வர வேண்டுமென்றால் தூக்கும் கனம் உங்கள் ஆளின் தாங்குதிறனில் 70 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், அதைத் தாண்டினால் மூட்டை மாதிரி உருள்வீர்கள்.

சரி, குறைகள்.

முதல் குறை, எதையும் சொல்லாமல் விடுவது. நிலத்தைத் தேடும்போது பலமாக இருப்பது மனிதர்களைத் தேடும்போது தலைவலியாகிவிடுகிறது. காட்டில் ஓர் ஓநாய் ஊளையிடும் சத்தம் கேட்கும், யாரென்று தெரியாது. எல்லே தேவாலயத்தில் உட்கார்ந்திருக்கும் வியாபாரியிடம் போய்ப் பேசினால் விரல் சொடுக்குகிற சைகை ஒன்று தருவார், அந்த ஊளை கேட்ட இடத்தில் போய்ச் சொடுக்கினால் ப்ளைட் என்ற ஓநாய்முக வீரன் மேலேயிருந்து குதித்து வருவான். இது அழகுதான். ஆனால் இப்படி ஒரே நேரத்தில் பத்துப் பதினைந்து பேரின் கதை ஓடுகிறது, யார் எங்கே போனார், அடுத்து எங்கே பார்க்கலாம் என்று குறித்து வைக்க விளையாட்டுக்குள் ஒரு பக்கம்கூடக் கிடையாது. தெரியாமல் ஓர் இடத்துக்கு முன்னாலேயே போய்விட்டால், ஒரு பாஸை முன்னாலேயே அடித்துவிட்டால், அந்த ஆளின் கதை அப்படியே அறுந்துபோகும், அறுந்தது என்றும் சொல்லமாட்டார்கள். விளையாட்டு வந்து கொஞ்ச நாளில், 1.03 பேட்ச்சில் (திருத்தப் பதிப்பு), பேசிய ஆட்களை மேப்பில் குறிக்கும் வசதி சேர்த்தார்கள், பாதியில் நின்றிருந்த சிலரின் கதைக்கு அடுத்த கட்டத்தையும் அப்போதுதான் போட்டார்கள். அது கொஞ்சம் உதவும், போதாது. நான் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, யார் என்ன சொன்னார்கள், எந்த ஊர் என்று தமிழில் எழுதி வைத்துக்கொண்டேன், நீங்களும் அப்படிச் செய்யுங்கள். இரண்டு மணி நேரம் ஆடிவிட்டு மூன்று நாள் பரீட்சைக்குப் படித்துவிட்டுத் திரும்பி வருகிறவருக்கு அந்த நோட்டு இல்லாமல் முடியாது.

இதோடு சேர்ந்தது மொழி. தமிழ் கிடையாது, பேச்சு முழுவதும் ஆங்கிலம், அதுவும் நேரான ஆங்கிலம் இல்லை, பழங்காலத் தோரணையில் சுற்றி வளைத்துப் பேசுவார்கள். நான் தமிழ் மீடியத்தில் படித்தவன், முதல் முறை பாதிப் பேச்சு எனக்குப் பிடிபடவே இல்லை. கதையையே பொருள் குறிப்புகளுக்குள் வைத்திருக்கிற விளையாட்டில் இது சின்னக் குறை இல்லை. ராடான் குதிரை விஷயம்கூட எனக்கு இரண்டாவது ஆட்டத்தில்தான் தெரிந்தது. தமிழில் கதை விளக்கும் வீடியோக்கள் இருக்கின்றன, ஆனால் ஒரு பகுதியை ஆடி முடித்த பிறகு அந்தப் பகுதிக்கானதை மட்டும் பாருங்கள்.

இரண்டாவது, திரும்பத் திரும்ப வருவது. பெரிய கோட்டைகளும் நகரங்களும் கையால் செதுக்கியவை, ஸ்டார்ம்வெயிலில் ஒரு ஜன்னல்கூடச் சும்மா இல்லை. ஆனால் நிலம் முழுக்கச் சிதறிக் கிடக்கும் சிறு நிலவறைகளும் குகைகளும் சுரங்கங்களும் ஒரே அச்சில் வார்த்தவை. அதே கல் சுவர், அதே நெம்புகோல், கடைசியில் அதே கதவு. உள்ளே பூனை முகச் சிலை ஒன்று பாஸாக நிற்கும், முதல் முறை நன்றாக இருக்கும், அதையே வேறு வேறு ஊரில் வேறு வேறு துணையோடு பார்க்கும்போது ஆர்வம் போய்விடும். ஸ்டார்ம்வெயிலின் தலைவன் காட்ரிக், உடம்பெல்லாம் ஒட்டுப் போட்ட கைகளோடு வரும் அந்தச் சண்டை அவ்வளவு நன்றாக இருக்கும். அதே உருவத்தை வேறு பெயரில் ஆல்டஸில் ஒரு சிறைக்குள் மறுபடி நிறுத்தியிருப்பதைப் பார்த்தபோது எனக்கு வருத்தமாகவே இருந்தது, முதல் சண்டையின் மரியாதையை அது குறைக்கிறது. ஆகையால் எல்லா நிலவறையையும் முடித்தே தீருவேன் என்று இறங்காதீர்கள். பிடித்தால் போங்கள், சலித்தால் விட்டுவிட்டுக் குதிரை ஏறுங்கள்.

மூன்றாவதுதான் என் பார்வையில் பெரிய குறை. கடைசி மூன்றில் ஒரு பங்கு. தலைநகரைத் தாண்டி ராட்சதர்களின் பனிமலைக்குப் போனதும் அதுவரை நான் புகழ்ந்துகொண்டு வந்த அந்த "அந்தப் பக்கம் போ" என்பது மெதுவாக மூடிக்கொள்கிறது. பனிமலையில் ஒரே பாதை, முடிவில் தீ ராட்சதன். அவனைத் தாண்டினால் ஃபாரும் அசுலா, அங்கே காட்ஸ்கின் இரட்டையர், அப்புறம் மாலிகெத், அப்புறம் சாம்பலாகிப்போன தலைநகரம், அங்கே மறுபடி வரிசையாகச் சண்டைகள். எல்லாமே கட்டாயம், எதையும் சுற்றிக்கொண்டு போக முடியாது. கூடவே எதிரிகளின் அடி திடீரென்று ஏறிவிடுகிறது, அதுவரை நாலு அடி தாங்கிய உடம்பு இரண்டில் விழும். பனிநிலத்தில் இடமும் வெறிச்சென்று கிடக்கும், பழைய எதிரிகளையே உருவம் பெரிதாக்கி நிறுத்தியிருப்பார்கள். அறுபது எழுபது மணி நேரம் ஒரு சுதந்திரத்தைப் பழக்கிவிட்டு, கைகால் அசந்திருக்கும் நேரத்தில் அதைப் பிடுங்குவது சரியில்லை. தலைநகரம் எரிந்து சாம்பலானதும் பழைய நகரத்துக்குத் திரும்பவும் முடியாது, அங்கே எடுக்காமல் விட்டது போனதுதான், அதனால் மாலிகெத்தை அடிக்கும் முன்னால் லெய்ண்டெல்லை நன்றாகச் சுற்றிவிடுங்கள்.

மலேனியா என்கிற பாஸைப் பற்றியும் கேட்பீர்கள். அவள் கட்டாயம் இல்லை, ஒளித்து வைத்திருக்கும் மரத்தின் அடியில் இருக்கிறாள். அவள் ஒவ்வொரு முறை நம்மேல் அடி படுத்தும்போதும் அவள் உயிர் ஏறும், கேடயத்தில் தாங்கினால்கூட ஏறும். அந்தரத்தில் எழும்பிச் சுழன்று சுழன்று வெட்டும் அந்த ஒரு ஆட்டத்தைப் பக்கத்தில் நின்று தப்புவது இன்னும் எனக்குச் சரியாக வந்ததில்லை. அழகான சண்டை, ஆனால் கேடயக்காரனை மட்டும் தண்டிக்கிற மாதிரி செய்தது நியாயமில்லை என்றே நினைக்கிறேன். கடைசிக் கடைசிப் பாஸ் ஒரு பெரிய வெட்டவெளியில் தூரத் தூர ஓடிக்கொண்டே இருக்கும், நாம் நடந்தே துரத்த வேண்டியிருந்தது. 2024 ஜூனில் வந்த 1.12 பேட்ச்சுக்குப் பிறகு அங்கே குதிரையை அழைக்கலாம். இரண்டு வருஷம் கழித்தாவது திருத்தினார்களே, அது நல்லதுதான். கேமரா கோளாறும் உண்டு, டிராகன் மாதிரிப் பெரிய மிருகத்தின்மேல் லாக் போட்டால், அதாவது பார்வையை அதன்மேல் பூட்டினால், அதன் காலும் வயிறும்தான் தெரியும், அங்கெல்லாம் லாக்கை எடுத்துவிட்டு ஆடுங்கள்.

உங்கள் இரண்டு மணி நேரக் கணக்குக்கு இது ஒத்துவருமா? வரும். ஆனால் ஆட்டத்தை நிறுத்தி வைக்கும் பட்டன் என்று தனியாக இல்லை, மெனுவைத் திறந்தாலும் எதிரி அடித்துக்கொண்டேதான் இருப்பான். வீட்டில் அம்மா கூப்பிட்டால் உடனே எழுந்து போக முடியாது என்பது நம் வீடுகளில் பெரிய பிரச்சினை. ஒரு வழி இருக்கிறது, உபகரண மெனுவுக்குள் போய் உதவிப் பட்டனை அழுத்தி மெனு விளக்கத்தைத் திறந்தால் ஆட்டம் நின்றுவிடும். இல்லையென்றால் மெயின் மெனுவுக்கு வெளியேறிவிடுங்கள், விட்ட இடத்திலேயே திரும்ப வரலாம். சேவ் தானாகவே அடிக்கடி ஆகிக்கொண்டிருக்கும், அதனால் கரண்ட் போனாலும் பெரிதாக எதுவும் இழக்கமாட்டீர்கள். மழைக்காலத்தில் எங்கள் வீட்டில் எத்தனையோ முறை போயிருக்கிறது, ஒரு முறைகூட சேவ் கெட்டதில்லை.

லேப்டாப் விஷயம். குறைந்தபட்சத் தேவை என்று போட்டிருப்பது ஜிடிஎக்ஸ் 1060 3 ஜிபி, ரேம் 12 ஜிபி, வட்டில் 60 ஜிபி இடம். உங்கள் 8 ஜிபி பத்தாது, முதலில் இன்னொரு 8 ஜிபி ரேம் போடுங்கள், இதற்காக மட்டும் இல்லை, காலேஜ் வேலைக்கும் உதவும். 1650இல் என் சித்தப்பா மகன் ஆடுகிறான், செட்டிங்கைக் குறைத்து வைத்து ஓட்டுகிறான், புல்வெளியில் கொஞ்சம் இழுக்கும், ஆட முடியாத அளவுக்கு இல்லை. எஸ்எஸ்டியில் போடுங்கள், ஹார்ட் டிஸ்க்கில் போட்டால் சாகும்போதெல்லாம் காத்திருக்க வேண்டும், இதில் நிறையச் சாவோம். வந்த புதிதில் பிசியில் திணறித் திணறி ஓடியது, பிறகு ஓரளவு சரிசெய்தார்கள். எவ்வளவு பெரிய மெஷின் வைத்திருந்தாலும் நொடிக்கு 60 ஃபிரேமுக்கு மேல் போகவிடமாட்டார்கள், உங்களுக்கு அது கவலையே இல்லை. கீபோர்டில் ஆட வேண்டாம், ஒரு கன்ட்ரோலர் கட்டாயம்.

நண்பர்களோடு சேர்ந்து ஆடலாமா என்றால், ஆடலாம், சுகமாக இல்லை. கூப்பிட்டு வந்த ஆள் ஒரு பாஸ் முடிந்ததும் தன் உலகத்துக்குத் திரும்பிவிடுவார், சேர்ந்திருக்கும்போது குதிரையும் ஏற முடியாது. அவ்வளவு பெரிய நிலத்தில் இரண்டு பேர் சேர்ந்து கால்நடையாகப் போவது எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். வேற்று ஆள் வந்து தாக்குவாரோ என்ற பயம் மட்டும் வேண்டாம், நீங்களாக யாரையும் கூப்பிடாமல் தனியாக ஆடும்வரை பொதுவாக ஒருவரும் உள்ளே வரமாட்டார்கள்.

தொடங்கும்போது சாமுராய் அல்லது வேகபாண்ட் எடுங்கள். மந்திரம் பிடிக்குமென்றால் அஸ்ட்ராலஜர், தூரத்திலிருந்து அடிப்பதால் முதல் இருபது மணி நேரம் அதுதான் சுலபம். ரெச் என்ற வகுப்பை மட்டும் இப்போது தொடாதீர்கள், உடம்பில் துணிகூட இருக்காது. லெவல் ஏற்றும்போது எல்லோரும் பலத்திலும் வேகத்திலும் போட்டுவிட்டு உயிரை மறந்துவிடுவார்கள், தலைநகரம் போவதற்குள் வீகர் (உயிர் அளவைக் கூட்டுவது) 40 வர வேண்டும், பனிமலைக்குப் பிறகு 60 வரை ஏற்றினாலும் வீண் இல்லை. தப்பாகப் போட்டுவிட்டாலும் பரவாயில்லை, லியூர்னியாவில் ரென்னாலா என்ற பாஸை ஜெயித்த பிறகு லார்வல் டியர் என்ற பொருளைக் கொடுத்து எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளலாம். குதிரை கிடைத்ததும் ராத்திரியில் எல்லே தேவாலயத்துக்குத் திரும்பிப் போங்கள், ஆவிகளை அழைக்கும் மணியும் அந்த ஓநாய்களும் அங்கேதான் கிடைக்கும்.

'ஷேடோ ஆஃப் த எர்ட்ட்ரீ' என்று 2024 ஜூன் 21இல் வந்த டிஎல்சியையும் (தனியாக விற்கும் கூடுதல் பகுதி) சேர்த்து வாங்கலாமா என்று கேட்டால், இப்போது வேண்டாம். ராடானையும் மோக் என்பவனையும் ஜெயித்தால்தான் அதற்குள்ளேயே போக முடியும், உங்கள் கணக்குப்படி அதற்குக் குறைந்தது மூன்று மாதம் ஆகும். அதற்குள் ஒரு தள்ளுபடி விற்பனை வந்துவிடும். முதலில் ரேம் போட்டுவிட்டு, மெயின் விளையாட்டை மட்டும் வாங்குங்கள். அந்தத் தங்கக் கவசக்காரனைப் பார்த்ததும் இடது பக்கமோ வலது பக்கமோ ஒதுங்கிப் போங்கள் தம்பி, அவன் எங்கேயும் போகமாட்டான்.